சோறும் சுற்றளவும்: உணவு, உடற்பருமன், நாட்பட்ட நோய்கள்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம், கொழுப்பேறிய கல்லீரல், சிலவகைப் புற்றுநோய்கள் எனத் தனித்தனிப் பெயர்களில் வழங்கும் நாட்பட்ட நோய்கள் பலவற்றுக்கும் பொதுவான வேர் ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக உண்ணும் உணவு, அதனால் உடலில் சேரும் கொழுப்பு, அந்தக் கொழுப்பு சென்று தங்கும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்த வேர். இந்நோய்கள் கிருமியால் தொற்றுவதில்லை. ஒரே நாளில் வந்துவிடுவதுமில்லை. இளமையிலேயே தொடங்கி, வெளியே அறிகுறி ஏதும் காட்டாமல் வளர்ந்து, நடுவயதில் ஓர் இரத்தப் பரிசோதனையிலோ மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ வெளிப்படுகின்றன.

இந்தச் சுமை இந்தியாவில் எவ்வளவு பெரிது என்பதை ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு காட்டுகிறது. சென்னை ஆய்வாளர்களின் தலைமையில் நாடு முழுவதும் நடந்த இந்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. 20 வயதைக் கடந்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10 கோடிப் பேருக்கு, நீரிழிவு உள்ளது. நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு; புதுச்சேரியில் 26.3. இதே ஆய்வின் இன்னொரு கணக்கும் கவனத்துக்குரியது. எடைக் கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 விழுக்காடு; வயிற்றுச் சுற்றளவின்படி பருமனானவர்கள் 39.5 விழுக்காடு. ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர் அளவிலான இந்த வேறுபாட்டுக்குள்தான் நம் நாட்டுச் சிக்கலின் தனித்தன்மை இருக்கிறது.

எடையைவிடச் சுற்றளவு

உடற்பருமனை அளக்க உலகெங்கும் பயன்படுவது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு. கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. 25ஐத் தொட்டால் அதிக எடை, 30ஐத் தொட்டால் பருமன் என்பது உலகப் பொது வரையறை. எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விகளுக்கு இந்த எண்ணிடம் விடை இல்லை.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடல்களையே சான்றாக முன்வைத்தனர். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3தான், எந்த அட்டவணையிலும் இருவரும் இயல்பான எடையினரே. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்னும் இந்த உடலமைப்பு தெற்காசியரிடம் பரவலாகக் காணப்படுகிறது.

இதன் விளைவை இங்கிலாந்தில் சுமார் 14.7 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2021இல் கணக்கிட்டது. வெள்ளையருக்கு பி.எம்.ஐ. 30இல் வரும் நீரிழிவு ஆபத்து, தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், வெள்ளையர் ஏறத்தாழ 82 கிலோவில் அடையும் ஆபத்தைத் தமிழரோ பஞ்சாபியரோ 65 கிலோவில் அடைந்துவிடுவார். இதனால்தான் இந்திய மருத்துவர்கள் 23ஐ அதிக எடையின் தொடக்கமாகவும் 25ஐப் பருமனின் தொடக்கமாகவும் கொள்கின்றனர்.

வயிற்றுச் சுற்றளவுக்கு இந்தியருக்குரிய எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். பேன்ட் அளவை இதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. பலர் அதைத் தொப்பைக்குக் கீழே அணிகிறார்கள். நினைவில் வைக்க எளிதான விதி ஒன்றும் உண்டு: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

கொழுப்பு தங்கும் இடம்

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசு உடலின் நெற்குதிர். தேவைக்கு மேல் உண்ட ஆற்றல் அங்கே பத்திரமாகச் சேர்ந்திருக்கும் வரை பெரிய கேடு இல்லை. குதிர் நிரம்பியபின் வருவது வேண்டாத இடங்களில் சிந்துகிறது. குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், கணையத்திலும், இதயத்தைச் சுற்றியும் கொழுப்பு படிகிறது. தெற்காசியருக்கு இந்தக் குதிர் சிறிது என்று கருதப்படுகிறது. ஆகவே மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே அது நிரம்பிவிடுகிறது.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் அது இன்சுலினின் கட்டளைக்குச் சரிவரப் பணிவதில்லை. இரவு முழுவதும் தேவைக்கு மேல் குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது; காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை உயர்ந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். இதை ஈடுகட்டக் கணையம் மேலும் இன்சுலின் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் கல்லீரலில் மேலும் கொழுப்பை உருவாக்குகிறது. அந்தக் கொழுப்பு டிரைகிளிசரைடாக இரத்தத்தில் இறங்கிக் கணையத்திலும் படிகிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் தளர்கின்றன. இந்த இரட்டைச் சுழற்சியை பிரிட்டன் ஆய்வாளர் ராய் டெய்லர் 2008இல் முன்வைத்தார்.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்பிடம் அன்று. அது ஒரு சுரப்பியும்கூட. பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்னும் ஹார்மோன் அங்கே சுரப்பதை 1994இல் ஜெப்ரி பிரீட்மனின் குழு கண்டறிந்தது. உடலுக்கு நன்மை செய்யும் அடிபோனெக்டின் என்னும் சுரப்பு கொழுப்பு மிகும்போது குறைகிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் கூடுகின்றன. ஓயாத இந்த மெல்லிய அழற்சி இரத்தக்குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கிறது.

இதில் தசைக்கும் பங்குண்டு. உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பகுதியை உள்வாங்குவது தசைதான். தசை குறைவாகவும் உழைப்பு அதனினும் குறைவாகவும் உள்ள உடலில் அந்தக் குளுக்கோஸ் போக இடமில்லாமல் தங்கிவிடுகிறது.

ஒரு வேர், பல நோய்கள்

இன்சுலினுக்குப் பணியாத நிலை, உயர் இரத்த அழுத்தம், மிகுந்த டிரைகிளிசரைடு, 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். குறைவு ஆகியவை ஒருவரிடமே கூடி வருவதை அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988இல் ஒரே தொகுதியாகச் சுட்டிக்காட்டினார். வளர்சிதைமாற்றக் கோளாறு என்று இன்று மருத்துவர்கள் சொல்வது இதுவே. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இட்டுச்செல்லும் பாதை இங்கிருந்து பிரிகிறது.

இரத்த அழுத்தம் உயர்வதற்குக் காரணங்கள் பல. மிகுந்த இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைத் தேக்கிவைக்கச் செய்கிறது. சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு அதை அழுத்துகிறது. பரிவு நரம்பு மண்டலம் கிளர்ச்சியுறுகிறது. கழுத்திலும் நாக்கின் அடியிலும் சேரும் கொழுப்பு தூக்கத்தில் மூச்சுப்பாதையை அடைக்கிறது. குறட்டையும் மூச்சுத்தடையும் இரவு நேரத்திலேயே அழுத்தத்தை ஏற்றுகின்றன. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சேர்ந்து தாக்கும்போது சிறுநீரகம் மெல்லச் செயலிழக்கிறது. டயாலிசிஸ் அறைகளில் இருப்பவர்களில் பலரின் பின்னணி இந்த இரண்டே.

புற்றுநோயுடனும் தொடர்பு உண்டு. உடற்கொழுப்பு மிகுவதால் 13 வகைப் புற்றுநோய்களின் ஆபத்து கூடுகிறது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் முடிவுசெய்தது. பெருங்குடல், கல்லீரல், கணையம், சிறுநீரகம், கருப்பை உட்சுவர், மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகம் ஆகியவை அவற்றில் அடங்கும். மாதவிடாய் நின்றபின் பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன் பெரிதும் உருவாவது கொழுப்புத் திசுவில்தான். கொழுப்பு கூடினால் அந்த ஹார்மோனும் கூடி, மார்பகத்திலும் கருப்பையிலும் செல்கள் பெருகத் தூண்டுகிறது.

மூட்டு வலியை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். எடை மிகுந்த முழங்கால் தேய்மான நோயாளிகளை அளந்து பார்த்தபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைவது தெரிந்தது. வலியால் நடை குறைவதும், நடை குறைவதால் எடை ஏறுவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

கருவறையில் தொடங்குவது

ஒல்லியான உடலில் கொழுப்பு மிகுந்திருப்பதற்கான காரணத்தைத் தேடிய ஆய்வுகள் கருவறை வரை சென்றன. பிறப்பெடை குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோயும் நீரிழிவும் மிகுவதை பிரிட்டனின் டேவிட் பார்க்கர் எடுத்துக்காட்டினார். புனேக்கு அருகிலுள்ள கிராமங்களில் யாக்னிக்கின் குழு அளந்த குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை சுமார் 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் ஊட்டக்குறைவில் வளர்ந்த உடல், பின்னாளில் கலோரி மலிந்த சூழலில் வாழ நேரும்போது எளிதில் நீரிழிவுக்கு ஆளாகிறது.

மறுதிசையிலும் ஆபத்து உண்டு. கர்ப்பகாலத்தில் நீரிழிவு வந்த தாய்க்கும் அவர் பெறும் குழந்தைக்கும் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சோதிக்கும் எளிய முறை இந்தியாவில் பரவியதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் உழைப்பு பெரிது.

வாழ்வின் முதல் ஆயிரம் நாள்களின் உணவு எவ்வளவு தொலைவு தொடர்கிறது என்பதற்கு பிரிட்டனின் சர்க்கரைப் பங்கீடு அரிய சான்று தருகிறது. போர்க்காலப் பங்கீடு 1953இல் சர்க்கரைக்கு நீங்கியதும் அதன் நுகர்வு ஏறக்குறைய இரட்டித்தது. கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் பங்கீட்டின் கீழ் இருந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு ஆபத்து சுமார் 35 விழுக்காடும், உயர் இரத்த அழுத்த ஆபத்து சுமார் 20 விழுக்காடும் குறைந்திருந்ததை 2024இல் 'சயின்ஸ்' இதழ்க் கட்டுரை காட்டியது.

தட்டில் இருப்பது

தீட்டிய அரிசியைப் பற்றிய எச்சரிக்கை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1918இல் நீலகிரியின் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன், தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோரைத் தாக்கும் பெரிபெரி நோய்க்காகத் தொடங்கிய ஆய்வுக்கூடமே பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு இடம்மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் முன்னோடி. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மெக்கரிசன். முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காயும் சேர்ந்த வட இந்திய உணவில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியைப் பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவில் அவை வளர்ச்சி குன்றின.

நெல்லின் உமியை மட்டும் நீக்கினால் தவிடும் முளையும் தங்கும். நார்ச்சத்து, மக்னீசியம், பி வைட்டமின்கள் ஆகியவை பெரிதும் இருப்பது அங்கேதான். வெண்மைக்காகத் தீட்டத்தீட்ட எஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. அது விரைவில் செரித்து, இரத்தச் சர்க்கரையை விரைவில் ஏற்றுகிறது. வயலில் நாள் முழுக்க உழைத்த உடல் அந்தச் சர்க்கரையை எரித்தது. உட்கார்ந்து செய்யும் வேலையில் அது எரிவதில்லை. கல்லீரல் அதைக் கொழுப்பாக்குகிறது.

சென்னையில் நடந்த 'கியூர்ஸ்' ஆய்வில், நகரவாசிகளின் அன்றாடக் கலோரியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வந்தது. அவற்றை மிகுதியாக உண்டவர்களிடம் வளர்சிதைமாற்றக் கோளாறும் மிகுந்திருந்தது. 21 நாடுகளில் 1.3 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த 'பியூர்' ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. நாளுக்கு 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு ஆபத்து 20 விழுக்காடு கூடுதல். தெற்காசியாவில் அது 61 விழுக்காடு கூடுதல். காலையில் இட்லியோ தோசையோ, மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு, இரவில் மீண்டும் தோசை என்று போகும் நாளில் அந்த அளவைத் தாண்டுவது கடினமில்லை.

சோற்றோடு சேராதவையும் சிக்கலின் பகுதியே. குழம்பில் மிதக்கும் பருப்பின் அளவு சிறிது. பொரியல் தொட்டுக்கொள்ளும் அளவோடு நின்றுவிடுகிறது. புரதம் குறைந்தால் தசை தேறாது, பசியும் அடங்காது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி நாளின் மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி போன்றவை சுமார் 15 விழுக்காடு தர வேண்டும். தட்டின் பாதியைக் காயும் கீரையும் பழமும் நிரப்ப வேண்டும்.

சிறுதானியத்துக்கு மாறுவது நல்லதே. ஆனால் அளவு குறையாவிட்டால் பயன் குறைவு. கேழ்வரகைக் கூழாகக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். வரகையோ சாமையையோ சோறாக்கி, பருப்பும் காயும் கூட்டி, அளவோடு உண்பதே பயன் தரும்.

உப்பு, எண்ணெய், பொட்டலத் தீனி

எடை கூடாமலும் உணவு நோயைத் தரும். உப்பு அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், உணவகக் குழம்பு ஆகியவற்றில் அந்த அளவு வெகு விரைவில் கடந்துவிடும். காய், பழம், கொழுப்பு நீக்கிய பால் மிகுந்த 'டேஷ்' உணவுமுறையை அமெரிக்காவில் சோதித்தபோது பங்கேற்றவர்களின் எடை மாறாமல் பார்த்துக்கொண்டனர். அப்படியும் உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களின் மேலழுத்தம் சராசரியாக 11 புள்ளிகள் இறங்கியது. 1997இல் வெளிவந்த அந்த முடிவு, தட்டு மாறினாலே இரத்தக்குழாயின் நிலை மாறும் என்பதை உறுதிசெய்தது.

வனஸ்பதியிலும், திரும்பத்திரும்பக் காய்ச்சிய எண்ணெயிலும் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு, 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல்.ஐ ஏற்றி எச்.டி.எல்.ஐ இறக்குவதால் இதயத்துக்கு இரட்டைக் கேடு. எண்ணெயின் வகையைப் போலவே அளவும் முக்கியம்: நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி.

ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு பற்றி அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் நடத்திய சோதனை 2019இல் வெளிவந்தது. இருபது பேர் மருத்துவமனையிலேயே தங்கி, இரண்டு வாரம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் உண்டனர். முன்வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் சமம், விருப்பம்போல் உண்ணலாம். பதப்படுத்திய உணவில் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு 0.9 கிலோ ஏறினர். இயல்பான உணவில் அதே அளவு இறங்கினர். பருமனுக்குத் தனிமனிதரின் மன உறுதியின்மையே காரணம் என்று பழிப்பது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இந்தச் சோதனை போதும்.

திரும்பும் வழி

நீரிழிவின் வாசலில் நிற்பவர்களைத் திருப்ப முடியும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில் 577 பேர் பங்கேற்றனர். ஆறு ஆண்டு உணவும் உடற்பயிற்சியும் மாறியதன் பயன் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நீடித்தது. அப்படி மாறியவர்களுக்கு நீரிழிவு சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டு தள்ளிப்போனது. இதயநோய் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த பெரிய சோதனையில் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையும் இலக்காக இருந்தன. நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்பார்மின் மாத்திரையால் குறைந்தது 31 விழுக்காடு.

சென்னையில் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த சோதனை 2006இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டில் நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடும்படி இறங்கவில்லை. எடைக்கருவியின் முள் அசையாததைக் கண்டு முயற்சியைக் கைவிடுவோர் அறிந்துகொள்ள வேண்டிய முடிவு இது. கைப்பேசிக் குறுஞ்செய்திகளால் மட்டும் ஊக்கமளித்த அடுத்த சோதனையிலும் நீரிழிவு வருவது 36 விழுக்காடு குறைந்தது.

நோய் வந்தபின்னும் வழி முற்றாக அடைபடுவதில்லை. பிரிட்டனின் 'டைரக்ட்' சோதனையில், நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் சில மாதம் நாளுக்கு சுமார் 850 கலோரி மட்டுமே உட்கொண்டனர். ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு மாத்திரையின்றியே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினர் அந்த நிலையை எட்டினர். கல்லீரலும் கணையமும் கொழுப்பை இறக்கிவைத்ததே இதன் அடிப்படை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாமாக இதை முயன்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். மருத்துவரின் துணை கட்டாயம்.

வீடும் அரசும்

மாற்றத்தின் முழுப் பொறுப்பையும் வீட்டுச் சமையலறை மேல் ஏற்ற முடியாது. பின்லாந்தின் வடக்குக் கரேலியா 1972இல் இதயநோய் மரணங்கள் மிகுந்த பகுதியாக இருந்தது. பெக்கா புஸ்கா தலைமையில் பால்பண்ணை, ரொட்டிக்கடை, பள்ளி, ஊர்ச் சங்கம் அனைத்தையும் சேர்த்துக்கொண்டு வெண்ணெயும் உப்பும் குறைக்கப்பட்டன. காயும் பழமும் பெருகின. நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. ஊரே சேர்ந்து மாறும்போது தனிமனிதரின் பாரம் குறைகிறது.

எண்ணெய்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2022 முதல் நடப்பில் உள்ளது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதே வாசலில் அளவு நாடாவும் உணவு ஆலோசனையும் வந்தால் மாத்திரை தேவைப்படும் நாள் தள்ளிப்போகும். நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பட்டினியை விரட்டிய அந்தத் திட்டத்தின் அடுத்த படி, பருப்பையும் பயறையும் சிறுதானியத்தையும் அதே எளிமையோடு கிடைக்கச் செய்வதாகும். ஏழையின் தட்டில் சோறு மட்டும் நிறைந்திருப்பது அவர் தேர்ந்தெடுத்தது அன்று. மலிவானது அது ஒன்றே என்பதால் நேர்வது.

வீட்டளவில் செய்யக்கூடியவை எளியவை. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தைக் கூட்டு, கீரை, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றால் நிரப்பலாம். காப்பி, டீயில் சர்க்கரையைக் குறைக்கலாம். உணவுக்குப் பின் சிறிது நடப்பதும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தருவதும் பெரும் பயன் தரும். பெற்றோருக்கு நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிய பெண்கள், சுற்றளவு எல்லையைத் தாண்டியவர்கள் ஆகியோர் எடை இயல்பாக இருந்தாலும் இருபதுகளிலிருந்தே இரத்தச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் உடல்களுக்கு நோய் முந்தி வருகிறது. ஆகவே பரிசோதனையும் தடுப்பும் அதனினும் முந்தித் தொடங்க வேண்டும்.